அலறினால் பொய்யா?

நள்ளிரவு. இங்கிலாந்தில் ஒரு கால்வாய்க் கரையோரம் கட்டிக் கிடக்கிறது படகு. படகையே வீடாக்கிக்கொண்டு குடியிருப்பவர்கள் அந்த நாட்டில் ஆயிரக்கணக்கில் உண்டு. கரையிலிருந்து கம்பி இழுத்து, படகின் பாட்டரிகளுக்கு மின்சாரம் ஏறிக்கொண்டிருக்கிறது. திடீரென்று சுவரிலுள்ள சிறு கருவி வீறிட்டு அலறுகிறது. கார்பன் மோனாக்ஸைடு என்னும் விஷவாயு பரவுகிறது என்பது அதன் எச்சரிக்கை. படகுக்காரர் பதறி எழுகிறார். அடுப்பு அணைந்திருக்கிறது, என்ஜினும் ஓடவில்லை. "சனியன், மறுபடியும் பொய்க் கூச்சல்!" என்று கருவியின் வாயை அடைத்துவிட்டுப் படுத்துக்கொள்கிறார்.

பாவம், அடிக்கடி தூக்கம் கெட்டால் யாருக்குத்தான் பொறுமை இருக்கும்? ஆனால் அந்தக் கூச்சலைப் 'பொய்' என்று தள்ளுவதுதான் பெரிய தவறு.

ஈயமும் அமிலமும் கொண்ட பாட்டரிக்கு அளவுக்கு மீறி மின்சாரம் ஏற்றினால் ஹைட்ரஜன் வாயு கிளம்பும். கருவிக்குள் இருக்கும் ரசாயனப் பகுதிக்கு இரண்டு வாயுக்களுக்கும் பேதம் சரிவரத் தெரியாது. ஹைட்ரஜனைக் கண்டாலும் அலறிவிடும். ஆள் மாறிப்போயிற்று, வாஸ்தவம். வந்தவனும் யோக்கியன் அல்லவே! மூடிய அறையில் ஹைட்ரஜன் சேர்ந்தால் ஒரு தீப்பொறி போதும்.

சில வேளைகளில் பக்கத்துப் படகின் என்ஜின் புகை ஜன்னல் வழியே நுழையும். அது அசல் விஷமேதான். நிறமும் கிடையாது, மணமும் கிடையாது.

கருவி ஒன்றும் அவசரக்குடுக்கை அல்ல. காற்றில் பத்து லட்சத்துக்கு 50 பங்கு விஷவாயு இருந்தால், ஒரு மணி நேரம் பொறுத்த பிறகே அலறும். 300 பங்கு இருந்தால் 3 நிமிஷத்துக்குள்.

2016 ஜூன் மாதம் நார்போக்கில், ராக்ஸம் என்ற ஊரில், மோட்டார் படகு ஒன்றின் அறைக்குள் என்ஜின் புகை புகுந்து இருவர் மாண்டார்கள். அந்தப் படகில் கருவியே இல்லை. 2019 ஏப்ரல் முதல், படகுப் பாதுகாப்புத் திட்டத்துக்கு உட்பட்ட நீர்வழிகளில், தங்கும் வசதியுள்ள படகுகளுக்குக் கருவி கட்டாயமாயிற்று. நல்ல காரியம். ஆனால் பரிசோதகர் வருவது 4 வருஷத்துக்கு ஒரு முறை. நடுவே கருவியைக் கழற்றி அலமாரியில் போட்டால் கேட்பார் யார்?

அலறல் கேட்டதும் ஆட்கள் வெளியேறட்டும். போகிற போக்கில் கதவு ஜன்னல்களைத் திறந்துவிடட்டும். நன்றாகக் காற்றோடிய பிறகு பாட்டரியைப் பார்க்கலாம். தொட்டால் சுடுகிறதா, அழுகிய முட்டை நாற்றம் அடிக்கிறதா என்று கவனித்து, விவரம் தெரிந்த மெக்கானிக்கை அழைக்கலாம். பொய்யா நிஜமா என்று அவர் சொல்லட்டும். தூக்கக் கலக்கத்தில் இருப்பவர் சொல்ல வேண்டாம்.