கடினச் சொல்லா? பிரித்துப் பாருங்கள்!

ஆங்கிலம் என்றாலே பல வீடுகளில் கவலைதான். பிள்ளைகள் கனத்த சொற்பட்டியலை வைத்துக்கொண்டு இரவு பகலாக உருப்போடுகிறார்கள். பரீட்சை முடிந்ததும் பாதிச் சொற்கள் மறந்து போகின்றன. "மண்டையில் ஏறவில்லை" என்று பெற்றோர் கடிந்துகொள்கிறார்கள்.

குற்றம் பிள்ளைகள் மீது அல்ல. படிக்கும் வழியில்தான் குற்றம்.

ஆங்கிலத்தில் கடினச் சொற்கள் ஏன் இவ்வளவு? அதற்கு ஒரு கதை உண்டு. 1066-ம் ஆண்டில் நார்மண்டி வில்லியம் இங்கிலாந்தை வென்று அரசன் ஆனான். அரண்மனையில் பிரெஞ்சு மொழி நுழைந்தது. படிப்பும் பூஜையும் லத்தீனில் நடந்தன. குடியானவன் மட்டும் தன் பழைய ஆங்கிலத்தையே பேசினான். தொழுவத்தில் நிற்கும் மாடு 'கௌ'. இது குடியானவன் சொல். அதன் இறைச்சி 'பீப்'. இது பிரெஞ்சு தந்த சொல். பின்னால் அறிஞர்கள் கிரேக்கச் சொற்களையும் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

ஆகவே, பெரிய சொற்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்துக்கே இரவல் வந்தவை. ஆங்கிலேயரின் பிள்ளைகளும் அவற்றைப் படித்துத்தான் தெரிந்துகொள்கிறார்கள். நாம் ஏன் பயப்பட வேண்டும்?

இந்தச் சொற்கள் துண்டு துண்டாகச் சேர்க்கப்பட்டவை. கிரேக்க மொழியில் 'டெலி' என்றால் தூரம். 'போன்' என்றால் ஒலி. இரண்டும் சேர்ந்தால் டெலிபோன். லத்தீனில் 'போர்ட்' என்பது சுமந்து செல்வதைக் குறிக்கும். வெளியே கொண்டுபோனால் எக்ஸ்போர்ட். உள்ளே கொண்டுவந்தால் இம்போர்ட். ரயில் நிலையத்துப் போர்ட்டரும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவரே! ஒரு வேரைத் தெரிந்துகொண்டால் பத்துச் சொற்கள் தாமாக வரும்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. வேரை மட்டும் நம்பிவிடக் கூடாது. இம்போர்ட்டில் 'இம்' என்றால் உள்ளே. இம்பாசிபிளில் அதே 'இம்' இல்லை என்று பொருள்படும். வேர் வழி காட்டும். முடிவைச் சொல்ல வேண்டியது அகராதி.

இரவல் கொடுத்தவர்களில் தமிழரும் உண்டு. நம் கட்டுமரம் அங்கே 'காட்டமரான்' ஆயிற்று. சுருட்டு 'செரூட்' ஆயிற்று. மிளகுத் தண்ணீர் 'மல்லிகடானி' என்ற சூப்பாகி வெள்ளைக்காரர் மேஜை ஏறியது. கொடுத்த கைக்கு, வாங்கிக்கொள்ள வெட்கம் எதற்கு?

நாளுக்கு ஒரு வேர் போதும். ஆங்கிலம் அறியாத தாயும் இதற்கு உதவலாம். "இந்தச் சொல்லில் எத்தனை துண்டு? ஒவ்வொன்றுக்கும் என்ன பொருள்?" என்று பிள்ளையைக் கேட்டால் போதும். தாய்க்குச் சொல்லிக் கொடுக்கும் பிள்ளை, தான் படித்ததை எளிதில் மறக்காது.