நாக்குக்கா, தலைக்கா?

மைசூர் தேவராஜ மொஹல்லாவில் நான் குடியிருக்கும் சந்தின் முனையில் ஓர் ஒயின் ஷாப் இருக்கிறது. மாலை ஆறரை மணிக்கு அங்கே வரிசை நிற்கும். மார்க்கெட்டில் மூட்டை இறக்கியவர்கள், பெயிண்ட் அடித்தவர்கள், கட்டிட வேலைக்குத் தர்மபுரியிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் வந்தவர்கள் என்று பாதிப்பேர் நம்மவர்கள். பணத்தை நீட்டுவார்கள். 90 மில்லி அட்டைப் பாக்கெட் கைக்கு வரும். இரண்டடி தள்ளிப்போய் பிளாஸ்டிக் டம்ளரில் ஊற்றித் தண்ணீர் கலந்து, கண்ணை மூடிக்கொண்டு ஒரே மடக்கு. முகம் அஷ்டகோணலாகும். உடனே ஊறுகாயை நக்குவார்கள். சிறு வயதில் நமக்கு விளக்கெண்ணெய் கொடுத்தார்களே, அதே முகம்!

விளக்கெண்ணெயை யாரும் காசு கொடுத்து, வரிசையில் நின்று, தினமும் குடிப்பதில்லை.

இந்த முகத்தையே பார்த்துப் பழகிய எனக்கு இரண்டு மாதத்திற்கு முன் பெங்களூரில் வேறொரு காட்சி கிடைத்தது. அதைச் சொல்வதற்கு முன் ஒரு வார்த்தை. குடிக்காத அன்பர்கள் இதைப் படித்துவிட்டுக் குடிக்கத் தொடங்க வேண்டாம். நான் எழுதுவது ஏற்கெனவே குடிக்கிறவர்களைப் பற்றி.

ஆறு கிளாஸ்

என் அக்கா மகன் பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறான். "மாமா, ஒருநாள் வாங்க, ஓர் இடம் காட்டுறேன்" என்று இந்திராநகருக்கு அழைத்துப் போனான். மைக்ரோ புரூவரி என்கிறார்கள். பீரை அங்கேயே காய்ச்சி அங்கேயே ஊற்றிக் கொடுக்கும் இடம். கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் ஆள் உயரச் செம்பு, எவர்சில்வர் கொப்பரைகள். நம் ஊர் கல்யாணச் சமையற்கட்டு மாதிரிதான், சத்தம் மட்டும் இல்லை. இந்தியாவில் இந்த வகைக் கடைகள் குர்காவிலும் புனேயிலும் 2008, 2009-ல் தலைகாட்டின. பெங்களூரில் 2011-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தொடங்கி, இன்று தெருவுக்குத் தெரு என்று சொல்லும் அளவுக்குப் பெருகிவிட்டன.

பையன் முழு கிளாஸ் வாங்கவில்லை. ஒரு மரப்பலகையில் ஆறு சின்னக் கிளாஸ் வந்தது. ஒவ்வொன்றிலும் 100 மில்லி இருக்கும். மஞ்சள், பொன் நிறம், செம்பு நிறம், கடைசியில் கறுப்பு. "லேசானதில் ஆரம்பித்துக் கறுப்பில் முடிக்கணும் மாமா. முதலில் முகர்ந்து பாருங்க. ஒரு வாய் குடிச்சிட்டு நடுவில் தண்ணி குடிங்க" என்றான். மருந்துக் கடைக்காரர் சொல்வதுபோல் இருந்தது. ஆனால் சொன்னபடி செய்தேன்.

முதலில் கோதுமை பீர். முகர்ந்ததும் எனக்கு நஞ்சன்கூடு ரசபாளை வாழைப்பழம் நினைவுக்கு வந்தது. கூடவே கொஞ்சம் கிராம்பு. "பழம் போட்டிருக்கிறார்களா?" என்றேன். இல்லையாம். பழமோ கிராம்போ எதுவும் போடாமலே, அந்த ஜெர்மன் வகை ஈஸ்ட் நொதிக்கும்போது தானாக உண்டாக்கும் வாசனை அது. வாழைப்பழத்தில் இருக்கும் அதே வாசனைப் பொருள்தான் இதிலும் உண்டாகிறது என்றான். தேவராஜ மார்க்கெட் வாழைப்பழ வரிசையைத் தினமும் கடந்துபோகும் எனக்கு இது பெரிய ஆச்சரியம்.

இரண்டாவது பெல்ஜியம் நாட்டு முறை. அதில் உண்மையாகவே கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் போடுகிறார்கள். நம் அம்மாக்கள் சளிக்குக் காய்ச்சும் கஷாயத்தின் தூரத்து உறவு! மூன்றாவது லாகர். 1842-ல் இன்றைய செக் நாட்டிலுள்ள பில்சன் ஊரில் பிறந்த பொன்னிற பீரின் வம்சம். குளிர்ந்த நிலையில் நிதானமாகப் புளிக்க வைப்பது. நாம் பாட்டிலில் பார்க்கும் பீரெல்லாம் பெரும்பாலும் இந்த வம்சம்தான். ஆனால் அங்கே குடித்ததில் சுட்ட ரொட்டி வாசனை வந்தது. பாட்டிலில் அதை நான் கண்டதில்லை.

நான்காவதில் ராகி சேர்த்திருந்தார்கள். களி தின்று வளர்ந்தவனுக்கு இது மட்டும் போதவில்லை. ராகி பெயரில் இருந்தது, வாயில் இல்லை.

ஐந்தாவதன் பெயர்தான் வேடிக்கை. இந்தியா பேல் ஏல்! பேரில் இந்தியா, பிறப்பு இங்கிலாந்து. 1800-களின் முதல் பாதியில் இங்கிருந்த வெள்ளைக்காரர்களுக்காகக் கப்பலில் அனுப்பிய பீர். ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு வர மாதக்கணக்கில் ஆகும். வழியில் கெடாமல் இருக்க ஹாப்ஸ் என்ற கொடியின் பூவை அதிகமாகப் போட்டார்கள். அந்தப் பூதான் பீருக்குக் கசப்பு. வேப்பம்பூ ரசம் பிடித்தவர்களுக்கு இது பிடிக்கும். மற்றவர்கள் முகம் சுளிப்பார்கள். நான் சுளித்தேன். பிறகு இரண்டாவது வாய் குடித்தேன்.

கடைசி கறுப்பு பீர், ஸ்டவுட். பார்லியைக் காபிக்கொட்டை போல் கறுக வறுத்துப் போடுவது. டிகாக்‌ஷன் வாசனை. கும்பகோணத்துக்காரர் யாராவது இருந்திருந்தால், "இரண்டாம் டிகாக்‌ஷன்" என்று தள்ளியிருப்பார்.

நல்லதைக் கண்டுபிடிப்பது மட்டுமல்ல, கெட்டதையும் நாக்கு கண்டுபிடிக்கும் என்று பையன் சொன்னான். வெண்ணெய் வாசனை வந்தால் ஈஸ்ட் வேலை முடியுமுன் அவசரப்பட்டு இறக்கிவிட்டார்கள். வேகவைத்த மக்காச்சோள வாசனை வந்தால் சரியாகக் கொதிக்கவில்லை. காடி போல் புளித்தால் கிருமி சேர்ந்துவிட்டது. நனைந்த அட்டைப்பெட்டி வாசனை வந்தால் காற்றுப் பட்டுப் பழசாகிவிட்டது. இந்தக் கடைசி வாசனையை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மழைக்காலத்தில் எங்கள் பார்சல் ஆபீசுக்குள் நுழைந்தால் அதே வாசனைதான்.

ஆறு கிளாசையும் இருவரும் பங்கிட்டு முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. பக்கத்து மேஜைகளிலும் அப்படித்தான். ஒருவர் முகமும் அஷ்டகோணலாகவில்லை. பில்லைப் பார்த்தபோதுதான் என் முகம் அப்படி ஆனது. எங்கள் வீட்டில் ஒரு வாரக் காய்கறிச் செலவு! பையன்தான் கொடுத்தான்.

கணக்கு

நான் குமாஸ்தா. கணக்குப் போடாமல் இருக்க முடியாது. ரயிலில் வரும்போதே போட்டுப் பார்த்தேன்.

ஒயின் ஷாப்பில் விற்கும் ஸ்ட்ராங் பீரில் 8 சதவீதம் வரை ஆல்கஹால் இருக்கலாம் என்பது சட்டம். பெரிய பாட்டில் 650 மில்லி. அப்படியானால் உள்ளே இருப்பது 52 மில்லி சுத்த ஆல்கஹால். விஸ்கியில் 42.8 சதவீதம். 60 மில்லி பெக் இரண்டு குடித்தால் 51.4 மில்லி. ஆக ஒரு பெரிய ஸ்ட்ராங் பீரும் இரண்டு பெரிய பெக் விஸ்கியும் ஒன்றே! "பீர்தானே, உடம்புக்குக் குளிர்ச்சி" என்று ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு பாட்டில் குடிக்கும் நண்பர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை தாளில் போட்டுப் பார்க்கட்டும்.

90 மில்லி பாக்கெட்டில் இருப்பது 38 மில்லிக்கு மேல். அது ஒரு நிமிடத்தில் உள்ளே போகிறது. பெங்களூரில் நாங்கள் ஆளுக்கு 300 மில்லி குடித்தோம். சராசரி 5 சதவீதம் என்று வைத்தாலும் 15 மில்லி. அதற்கு ஒன்றரை மணி நேரம்.

நம் நாட்டில் விற்கும் பீரில் பெரும்பகுதி ஸ்ட்ராங்தான். காரணம் ருசி அல்ல. கொடுக்கிற காசுக்குப் போதை வேண்டும். ஸ்ட்ராங்கை ஏன் பல்லைக் கிட்டும் ஜில்லில் குடிக்கிறோம்? ஜில்லில் நாக்கு மரத்துப்போகும். மரத்துப்போன நாக்குக்கு எதுவும் தெரியாது. விற்கிறவனுக்கும் அதுதான் வசதி.

என் சக ஊழியர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, "ருசி பார்ப்பதெல்லாம் பணக்காரன் பொழுதுபோக்கு" என்றார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. ருசி பார்க்கும் நாக்கு நம்மிடம் இல்லாமலா இருந்தது? என் தாத்தா திருநெல்வேலிச் சீமையில் உடன்குடிப் பக்கம். பனங்காட்டு மனிதர். இது ஆண் பனையா பெண் பனையா, விடியற்காலை இறக்கியதா மாலை இறக்கியதா, கலயத்தில் சுண்ணாம்பு தடவியதா இல்லையா என்றெல்லாம் ஒரு வாய் வைத்ததுமே சொல்லிவிடுவாராம். சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். காலையில் இனிப்பு, மாலையில் புளிப்பு, மறுநாள் காடி. போதை லேசான பீர் அளவுதான். அன்றன்றைக்கு இறக்கி, அங்கேயே குடித்து, மீதியைக் கொட்டிவிட்டுப் போவார்கள். காய்ச்சிய இடத்திலேயே புதிதாகக் குடிப்பது என்று இந்திராநகரில் இங்கிலீஷில் எழுதிவைத்திருக்கிறார்களே, அதேதான்.

அந்தக் கள்ளைத் தமிழ்நாட்டில் 1987-ல் தடை செய்தார்கள். கேரளத்தில் இன்றும் உரிமம் பெற்ற கள்ளுக்கடை உண்டு. தமிழ்நாட்டில் 2003 நவம்பர் முதல் பாட்டில் சரக்கை அரசே சில்லறைக் கடை வைத்து விற்கிறது. கர்நாடகத்தில் 2007 ஜூலை முதல் தேதி சாராயத்தை ஒழித்தார்கள். நல்ல காரியம் என்றார்கள். பாக்கெட் சாராயம் குடித்தவர் பாக்கெட் விஸ்கிக்கு மாறினார். பாக்கெட் மட்டும் மாறவில்லை!

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நாக்கு எல்லாவற்றையும் கண்டுபிடிக்கும் என்று யாரும் நம்பிவிடக்கூடாது. 1981 ஜூலையில் பெங்களூரில் 300 பேருக்கு மேல் விஷச் சாராயத்தில் மாண்டார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல். அதிலிருந்த மெத்தனால் ருசியில் மற்ற ஆல்கஹாலைப் போலவே இருக்கும். எந்த மேதாவி நாக்குக்கும் தெரியாது. கள்ளத்தனமாக விற்பதை ஒரு சொட்டுக்கூடத் தொடக்கூடாது.

வரி விஷயத்திலும் எனக்கு ஒரு கருத்து உண்டு. போதை எவ்வளவோ அவ்வளவு வரி என்ற முறை பிரிட்டனில் 2023 ஆகஸ்டு முதல் எல்லா மதுவுக்கும் வந்திருக்கிறது. அதுதான் நியாயம். கர்நாடகத்தில் 2023-க்குப் பிறகு பீர் வரி ஒன்றுக்கு மேற்பட்ட தடவை ஏறியது. பீர் விலை ஏறினால் கூலிக்காரன் குடியை நிறுத்துவதில்லை. பாக்கெட்டுக்குப் போகிறான். லேசானதை மலிவாக்கி, கடுமையானதை விலை ஏற்றினால், அதே வரிசையில் அதே காசுக்குப் பாதி போதையோடு வீட்டுக்குப் போவான். கஜானாவுக்குக் கொஞ்சம் குறையலாம். ஆஸ்பத்திரிச் செலவில் அது திரும்பி வரும்.

இதையெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தவன் ஒரு சனிக்கிழமை ஒரு சோதனை செய்தேன். பார்சல் ஆபீசில் மூட்டை தூக்கும் நண்பர் ஒருவர், ஜோலார்பேட்டைக்காரர், வயது ஐம்பது. தினமும் ஒரு பாக்கெட், சனிக்கிழமை ஸ்ட்ராங் பீர். அவரை என் அறைக்குக் கூப்பிட்டேன். ஒரு ஸ்ட்ராங், ஒரு லேசான பீர் வாங்கி, ஜில் போகும்வரை ஒரு மணி நேரம் மேஜையில் வைத்திருந்தேன். இரண்டு கண்ணாடி டம்ளரில் நாலு விரற்கடை ஊற்றி, எது எதுவென்று சொல்லாமல் நீட்டினேன்.

லேசானதைக் குடித்து, "பரவால்ல சார், பார்லி கஞ்சி மாதிரி கீது" என்றார். ஸ்ட்ராங்கை ஒரு வாய் வைத்தார். வாயிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். ஜன்னல் பக்கம் போய்த் துப்பிவிட்டு வந்தார்.

"இன்னா சார் இது, வெல்லப்பாகுல ஸ்பிரிட்ட ஊத்துனா மாதிரி! இதையா பத்து வருஷமா குடிச்சினு இருந்தேன்?"

எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமை மூன்று நாள்தான். அவர் மனைவி தேவராஜ மார்க்கெட்டில் பூ விற்பவர். மல்லிகை வாங்கப் போனபோது பூவை முழம் போட்டுக்கொண்டே கேட்டார்:

"ருசி பாத்துக் குடிக்கக் கத்துக் குடுத்தியாமே தம்பி. ருசி தெரிஞ்சா கொறைச்சிப்பாரா, இல்ல ருசி தெரிஞ்சிடுச்சேன்னு இன்னும் ஜாஸ்தி குடிப்பாரா? அத மொதல்ல சொல்லு."

ஒரு மாதம் பொறுத்துச் சொல்கிறேன் என்றேன். முதல் இரண்டு வாரம் நண்பர் பாக்கெட் பக்கம் போகவில்லை. சனிக்கிழமை மட்டும் 330 மில்லி சின்ன பாட்டில், அதுவும் லேசானது. அதில் 16 மில்லி சொச்சம்தான் ஆல்கஹால் என்று அவரே எனக்குக் கணக்குச் சொன்னார். மூன்றாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, சந்து முனை வரிசையில் அவர் நிற்பதைப் பார்த்தேன். என்ன வாங்கினார் என்று எட்டிப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. அந்த வாரம் பூவும் வேறு கடையில்தான் வாங்கினேன்.