மல்பெரி தெருவோடு நின்றுவிட்டீர்களே!

ஆசிரியருக்கு,

நியூயார்க்கில் இத்தாலியச் சாப்பாட்டுக்கு மன்ஹாட்டனின் மல்பெரி தெருவைக் கைகாட்டியிருந்தது உங்கள் பயணக் கட்டுரை. அந்தத் தெரு இருக்கும் லிட்டில் இத்தாலி பகுதி சுருங்கிப்போய், இன்று பெரும்பாலும் சுற்றுலாக் கூட்டத்தை நம்பியே இருக்கிறது. வாசலில் ஆள் நிறுத்தி, கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூப்பிடும் கடைக்குள் நான் நுழைவதில்லை.

பிராங்ஸின் ஆர்தர் அவென்யூவுக்குப் போய்ப் பாருங்கள். தள்ளுவண்டி வியாபாரிகளுக்காக மேயர் லா கார்டியா காலத்தில், 1940-இல் திறக்கப்பட்ட சந்தை இன்னும் நடக்கிறது. சுற்றிலும் ரொட்டிக்கடை, சீஸ் கடை, இறைச்சிக்கடை. நல்ல சரக்கு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் சமையல்காரருக்குப் பாதி வேலை முடிந்தது.

புதுக் கடை என்றால், சோதித்துப் பார்க்க கார்பொனாரா பாஸ்தா கேளுங்கள். முட்டை, பெக்கொரினோ சீஸ், உப்பில் பதப்படுத்திய பன்றிக் கன்ன இறைச்சி, மிளகு போதும். (பன்றி ஆகாதவர்களுக்கு சீஸும் மிளகும் மட்டும் சேரும் காச்சியோ எ பெப்பே.) க்ரீம் ஊற்றிக் கொண்டுவந்தால், அடுத்த முறை வேறு கடை.

– ஒரு வாசகர், நியூ ஜெர்சி