“ஆல்” தெரிந்தவனுக்கு “இஃப்” வராதா?

“நாளைக்கு மழை பெய்தால் நான் பள்ளிக்கூடம் போகமாட்டேன்.”

ஐந்து வயதுச் சிறுவன்கூட இதைத் தடுமாறாமல் சொல்கிறான். யாரும் அவனுக்கு இலக்கணம் கற்றுக் கொடுக்கவில்லை. அதே சிறுவன் வளர்ந்து, பட்டமும் பெற்று, உத்தியோகத்துக்குப் பேட்டிக்குப் போகிறான். “இந்த வேலை கிடைத்தால் என்ன செய்வீர்கள்?” என்று ஆங்கிலத்தில் கேட்கிறார்கள். “இஃப் ஐ வில் கெட்...” என்று தொடங்குகிறான். தவறு என்று அவனுக்கே தோன்றுகிறது. நா உலர்ந்து நின்றுவிடுகிறான். வேலை வேறொருவருக்குப் போகிறது. அறிவு இல்லாமல் அல்ல. ஒரு “இஃப்” அவன் காலை வாரிவிட்டது.

அவன் நிபந்தனை வாக்கியங்களைப் படிக்காதவனா? இல்லை. கோடிட்ட இடங்களை எத்தனையோ முறை நிரப்பியவன். பரீட்சையில் மார்க்கும் வாங்கியவன். பின் ஏன் வாய் திறக்கவில்லை? கோட்டை நிரப்பினானே தவிர, அந்த வாக்கியத்தால் தன் மனத்தில் உள்ளதைச் சொல்ல அவன் ஒரு நாளும் பழகவில்லை.

மூன்று வகை

பள்ளிகளில் மூன்று வகையை முக்கியமாகச் சொல்லித் தருகிறார்கள். நடக்கக் கூடியது முதல் வகை: “இஃப் இட் ரெயின்ஸ், ஐ வில் ஸ்டே.” இப்போது இல்லாததை இருப்பதாக நினைத்துப் பார்ப்பது இரண்டாம் வகை: “இஃப் ஐ ஹாட் மணி, ஐ வுட் பை இட்.” நடந்து முடிந்ததை மாற்றி நினைப்பது மூன்றாம் வகை: “இஃப் ஐ ஹாட் நோன், ஐ வுட் ஹாவ் கம்.”

மாணவன் மிரளுகிறான். ஆனால் இவற்றில் இரண்டுக்குச் சாவி அவன் வாயிலேயே இருக்கிறது.

நாளைய மழையைப் பற்றிப் பேசும்போதும் “பெய்தால்” என்கிறோம். “பெய்வால்” என்று யாரும் சொல்வதில்லை. வந்தான், வந்தால், போனான், போனால். “ஆல்” எதிர்கால வினையோடு சேருவதில்லை. “இஃப் இட் வில் ரெயின்” என்பதும் “பெய்வால்” என்பதைப் போன்ற பிழைதான்.

மூன்றாம் வகையைப் பாருங்கள். “தெரிந்திருந்தால் வந்திருப்பேன்.” முதல் பாதியில் “இருந்தால்”, அது இறந்தகால வினையிலிருந்து வந்தது. மறுபாதியில் “இருப்பேன்”, அது எதிர்காலம். ஆங்கிலமும் அதே வழியில்தான் போகிறது. முதல் பாதியில் “ஹாட்”; மறுபாதியில் “வில்” என்பதன் இறந்தகால வடிவமான “வுட்”. “இஃப் ஐ வுட் ஹாவ் நோன்” என்று சொல்பவன், தமிழில் “தெரிந்திருப்பால்” என்று சொன்னவன் ஆகிறான். இதை ஒரு முறை காதில் வாங்கிய பிள்ளை பிறகு மறப்பானா?

தமிழ் மௌனமாகும் இடம்

இரண்டாம் வகையில்தான் சிக்கல். “பணம் இருந்தால் வாங்குவேன்” என்கிறோம். பணம் வரக்கூடும் என்று நினைப்பவனும் இதைத்தான் சொல்கிறான். கையில் காலணா இல்லாமல் ஏங்குபவனும் இதைத்தான் சொல்கிறான். ஆங்கிலத்திலோ முன்னவனுக்கு “ஹாவ்”, பின்னவனுக்கு “ஹாட்”. தமிழில் ஏக்கத்தைக் காட்ட வேண்டுமானால், “என்னிடம் மட்டும் பணம் இருந்தால்!” என்று ஒரு “மட்டும்” போடுகிறோம். அந்த “மட்டும்” வரும் இடத்தில் பெரும்பாலும் இரண்டாம் வகை வரும் என்று சொல்லிக் கொடுத்தால் பாதிச் சிக்கல் தீர்ந்தது. மூன்று வகைக்கும் ஒரே அளவு பயிற்சி கொடுப்பதைவிட, தமிழ் துணைக்கு வராத இந்த இடத்தில் கூடுதல் பயிற்சி கொடுப்பதே புத்திசாலித்தனம்.

சங்கிலிப் பயிற்சி

பயிற்சியும் பிள்ளையின் வாழ்க்கையிலிருந்து வர வேண்டும். முதல் மாணவன் சொல்லட்டும்: மழை பெய்தால் ஏரி நிரம்பும். அடுத்தவன்: ஏரி நிரம்பினால் நாற்று நடுவார்கள். அதற்கடுத்தவள்: நாற்று நட்டால் அம்மாவுக்குக் கூலி கிடைக்கும். இப்படி வகுப்பு முழுவதும் சங்கிலி ஓடட்டும், எல்லாம் ஆங்கிலத்தில். பிறகு ஆசிரியர் அதே சங்கிலியைத் திருப்பட்டும்: மழை பெய்திருந்தால் ஏரி நிரம்பியிருக்கும், நிரம்பியிருந்தால் நாற்று நட்டிருப்பார்கள். ஏரி வறண்ட ஊர்ப் பிள்ளைக்கு மூன்றாம் வகையின் பொருளை விளக்க வேண்டியதே இல்லை. நிரப்ப ஒரு கோடும் தேவையில்லை.

“ஆங்கில வகுப்பில் தமிழ் பேசினால் ஆங்கிலம் எப்படி வளரும்?” என்று கேட்பவர்கள் உண்டு. சில பள்ளிகளில் தமிழ் பேசினால் அபராதமும் உண்டு. வகுப்பு முழுவதும் தமிழிலேயே நடந்தால் ஆங்கிலம் வராது; உண்மைதான். ஆனால் இரண்டு நிமிஷம் தமிழில் ஒப்பிட்டுக் காட்டிவிட்டு, மிச்ச நேரம் முழுவதும் பிள்ளைகளை ஆங்கிலத்தில் பேச வைத்தால் நஷ்டம் என்ன? புரியாத விதியை ஆங்கிலத்திலேயே பத்துத் தடவை சொல்வதால் அது புரிந்துவிடாது. வீட்டில் ஆங்கிலம் காதில் விழாத பிள்ளைக்கு, தெரிந்த பாஷைதான் தெரியாத பாஷைக்கு ஏணி. அந்த ஏணியைப் பிடுங்கிவிட்டு, “ஏறு, ஏறு” என்றால் எப்படி ஏறுவான்?

இப்படிச் சொல்லிக் கொடுத்திருந்தால் அன்று பேட்டியில் அந்த இளைஞனின் நா உலர்ந்திருக்காது. இது மூன்றாம் வகை, போனது போனதுதான். இனி வரும் பிள்ளைகளுக்காவது முதல் வகையில் பேசலாம். சொல்லிக் கொடுத்தால், உலராது.