ஓநாய்க்கு வாக்கு, கன்றுக்கு யார் காப்பு?

ஓநாய் வாழவேண்டும் என்று நகரம் வாக்களித்தது. அந்த ஓநாய்க்குத் தன் கன்றைப் பறிகொடுப்பவனோ மலைச்சரிவிலே மாடு வளர்ப்பவன்! அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் மூண்டிருக்கும் பூசலின் உட்பொருள் இதுதான்.

அந்த மலைநாட்டிலே ஒரு காலத்தில் ஓநாய்கள் கூட்டங்கூட்டமாகத் திரிந்தன. துப்பாக்கி, பொறி, நஞ்சு ஆகிய மூன்றையும் ஏவி அவற்றை ஒழித்தனர். அரசினரே ஆளமர்த்தி அழிப்பு வேலையை நடத்தினர். 1940-களில் அங்கே ஓநாய்க்குலம் அற்றுப்போயிற்று. செய்த தவற்றைத் திருத்த விழைந்தோர், 2020 நவம்பரில் ‘114-ஆம் முன்மொழிவை’ மக்கள் வாக்குக்கு விட்டனர். நூற்றுக்கு ஏறத்தாழ 51 பேர் ஆதரித்தனர். முன்மொழிவை வெற்றி பெறச் செய்தவை டென்வர், போல்டர் போன்ற நகரங்கள். ஓநாய்களை விடவேண்டிய மேற்கு மாவட்டங்களில் பெரும்பாலானவையோ வேண்டாம் என்றன.

2023 டிசம்பரில் ஆரிகன் மாநிலத்திலிருந்து 10 ஓநாய்கள் வந்தன. 2024 ஏப்ரலில் கிராண்ட் மாவட்டத்தில் கன்று பலியாயிற்று. அதன்பின் மாடும் ஆடும் அடுத்தடுத்து மடிந்தன. “சுட்டுத் தள்ளுங்கள்” என்றனர் பண்ணையாளர். “குட்டி ஈனும் காலம், பொறுங்கள்” என்றனர் வனவிலங்கு அதிகாரிகள். பின்னர் அந்த ‘காப்பர் கிரீக்’ கூட்டத்தைப் பிடித்து அடைத்தனர். ஆண் ஓநாய் இறந்தது. தாயையும் குட்டிகளையும் 2025 ஜனவரியில் மீண்டும் விட்டனர். விளைவு? அவ்வாண்டு மே மாதத்திலேயே பிட்கின் மாவட்டத்தில் கால்நடைகள் தாக்கப்பட்டன. அக்கூட்டத்து ஓநாய் ஒன்றை அதிகாரிகளே சுட்டுக்கொல்ல நேர்ந்தது. அடுப்பங்கரையில் பற்றிய தீயை அள்ளி வைக்கோற்போரிலே போட்ட கதையன்றோ இது?

இழப்பீடு இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, மறுக்கவில்லை. கொல்லப்படும் கால்நடை ஒன்றுக்கு 15,000 டாலர் வரை தரலாம் என்கிறது சட்டம். ஆனால், பரந்த மேய்ச்சல் நிலத்தில் செத்த கன்றின் உடல் கிடைப்பதே அரிது. கிடைத்தாலும் கழுகும் நரியும் தின்றது போக எஞ்சிய எலும்பு, கொன்றவன் பெயரைச் சொல்லுமா? அச்சத்தால் மாடு எடை குறைகிறது. சினை பிடிப்பது தவறுகிறது. இவற்றையும் கணக்கிட்டு, 2025 மார்ச்சில் பண்ணையாளர் இருவருக்கு மட்டும் 3,40,000 டாலருக்கு மேல் வழங்க ஒப்புதலாயிற்று. இழப்பீட்டுக்கென ஆண்டுதோறும் ஒதுக்கப்படும் தொகையே 3,50,000 டாலர்தான்!

ஓநாயை மீண்டும் வேரறுக்கச் சொல்லவில்லை நாம். மான்கூட்டம் பெருகிக் காட்டை மேய்ந்து தீர்க்காமல் காப்பதில் வேட்டை விலங்குக்கும் பங்குண்டு. பண்ணையாளருக்கும் கடமை உண்டு. செத்த மாட்டை வெளியிலே கிடத்துவது ஓநாய்க்கு விருந்தழைப்பு விடுவதாகும். அதை அப்புறப்படுத்த வேண்டும். காவல் நாய், குதிரைமேல் சுற்றிவரும் காவலர், கயிற்றிலே தொங்கும் சிவப்புத் துணிகள் ஆகிய தடுப்பு முறைகள் பல உள்ளன. துணியைக் கண்டு ஓநாய் சில வாரங்களேனும் தயங்கும். ஆனால் காவலருக்குக் கூலி வேண்டும், நாய்க்குத் தீனி வேண்டும். அதை யார் தருவது என்பதே கேள்வி.

வாக்களித்தவரே தரவேண்டும் என்பது நம் கருத்து. வாகனங்களுக்கு ஓநாய்ப் படம் பொறித்த சிறப்பு எண்பலகை விற்று, அந்தப் பணத்தைத் தடுப்பு வேலைக்குத் தருகின்றனர் அங்கே. நல்ல தொடக்கம், ஆனால் விரும்பியவர் மட்டும் தரும் காசைக் கொண்டு சட்டத்தின் சுமையைத் தாங்க முடியாது. தடுப்புக்கும் இழப்பீட்டுக்கும் மாநிலப் பொதுநிதியே போதிய பொறுப்பேற்க வேண்டும். தாக்குதல் நடந்த பிறகல்ல, ஓநாயை விடுமுன்பே காவலர் அமர்த்தப்பட வேண்டும். கால்நடையையே இரையாகக் கொள்ளப் பழகிவிட்ட ஓநாயைத் தயங்காமல் அகற்றவும் வேண்டும்.

பெரும்பான்மையின் தீர்ப்பு செல்லும், அதுவே மக்களாட்சி. அந்தத் தீர்ப்பின் செலவைச் சிறுபான்மையின் தலையிலே கட்டுவது மக்களாட்சி ஆகாது. அன்பு நகரத்துடையது, இழப்பு மட்டும் கிராமத்துடையது என்றால், அந்த அன்பு நிலைக்காது, ஓநாயும் நிலைக்காது!