பயிரை மேய்ந்த புகை! தண்டம் கட்டுவது யார்?

ஒருவருடைய ஆடு இன்னொருவர் வயலில் இறங்கி மேய்ந்துவிடுகிறது. ஊர்ப் பஞ்சாயத்துக் கூடுகிறது. "ஆடு யாருடையது?" என்று கேட்கிறார்கள். ஆட்டுக்காரர் தண்டம் கட்டுகிறார். இது நியாயம் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

ஆனால், கேடு செய்தது ஆடு அல்ல, புகை என்றால்? அதுவும் 10 ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருந்து வந்த புகை என்றால்? தண்டம் கட்டுவது யார்?

ஒரு விவசாயி இந்தக் கேள்வியைக் கோர்ட்டில் போய்க் கேட்டார்.

மலை நாட்டு விவசாயி

அவர் பெயர் சவுல் லூசியானோ லியூயா. தென் அமெரிக்காவில் உள்ள பெரு நாட்டுக்காரர். ஆண்டிஸ் மலையில் இருக்கும் உவாராஸ் அவருடைய ஊர். பயிர்த்தொழில் செய்கிறார். மலை ஏற வருகிறவர்களுக்கு வழியும் காட்டுகிறார்.

அந்த மலைகளின் உச்சியில் பனிக்கட்டி படர்ந்து கிடக்கிறது. மழை இல்லாத மாதங்களில் அது கொஞ்சம் கொஞ்சமாக உருகும். அந்தத் தண்ணீர் வாய்க்காலில் ஓடி உருளைக்கிழங்குக்கும் மக்காச்சோளத்துக்கும் பாயும். நம் ஊருக்கு ஏரி எப்படியோ, அவர்களுக்குப் பனி அப்படி.

இப்போது பனி வேகமாகக் கரைகிறது. பெரு நாட்டின் பனிப் பரப்பில் பாதிக்கு மேல் 60 ஆண்டுகளில் போய்விட்டது. முதலில் தண்ணீர் அதிகமாகத்தான் வரும். பனி குறையக் குறைய அதுவும் வற்றிவிடும். குதிரில் இருக்கும் விதைநெல்லை எடுத்துச் சாப்பிடுவது போன்றது இது. சாப்பிடுகிற வரையில் வயிறு நிறையும். பிறகு?

இன்னொரு ஆபத்தும் உண்டு. ஊருக்கு மேலே பல்காகோச்சா என்று ஒரு மலை ஏரி இருக்கிறது. 1941 டிசம்பர் 13-ந் தேதி அது உடைந்தது. குறைந்தது 1,800 பேர் மாண்டார்கள். பனி உருகியதால் அந்த ஏரி 1970-களுக்குப் பிறகு 30 மடங்குக்கு மேல் பெருத்துவிட்டது.

புகையின் கணக்கு

நிலக்கரியும் பெட்ரோலும் எரியும்போது கரியமில வாயு வெளியாகிறது. அது ஆகாயத்தில் தங்கி, பூமிக்குக் கம்பளி போர்த்தியது போலச் சூட்டைப் பிடித்துவைக்கிறது. பனி கரைவதற்கும் பருவம் மாறுவதற்கும் இதுவே காரணம்.

பெரு நாடு முழுவதும் சேர்ந்து விடும் புகை, உலகக் கணக்கில் 100-ல் ஒரு பங்குகூட இல்லை.

ஆகவே, லியூயா 2015 நவம்பரில் ஜெர்மனி நாட்டுக் கோர்ட்டில் வழக்குப் போட்டார். எதிர்த்தரப்பு ஆர்.டபிள்யூ.இ. என்ற மின்சாரக் கம்பெனி. 1898-ல் தொடங்கிய கம்பெனி அது. நெடுங்காலமாக நிலக்கரியை எரித்து மின்சாரம் எடுத்து வந்தது. உலகத் தொழில்கள் விட்ட புகையில் 0.47 சதவீதம் அதனுடையது என்று ஓர் ஆய்வு கணக்கிட்டிருந்தது.

ஏரியிலிருந்து ஊரைக் காப்பாற்ற ஆகும் செலவில் அதே 0.47 சதவீதத்தைக் கொடுங்கள் என்றார் லியூயா. தொகை சுமார் 17 ஆயிரம் யூரோ. நம் பணத்தில் ஏறக்குறைய 17 லட்சம் ரூபாய். ஆடு மேய்ந்த அளவுக்குத்தான் தண்டம்!

தோல்வியிலும் வெற்றி

சட்டப்படிதான் தொழில் செய்தோம், உலகமே விட்ட புகைக்கு ஒரு கம்பெனியைப் பிடிக்கலாமா என்று கம்பெனி வாதாடியது.

வழக்கு பத்து ஆண்டு நடந்தது. 2022-ல் நீதிபதிகளே பெருவுக்குப் போய் ஏரியைப் பார்த்தார்கள். 2025 மே 28-ந் தேதி ஹாம் நகர மேல்கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. வழக்கு தள்ளுபடி! அடுத்த 30 ஆண்டுகளில் வெள்ளம் அவர் வீட்டைத் தொடும் வாய்ப்பு 100-ல் ஒன்றுதான் என்று கோர்ட்டு கருதியது.

ஆனால், அதே தீர்ப்பில் இன்னொன்றும் இருந்தது. பெரும் அளவில் புகை விடுகிறவர்களை அதனால் வரும் கேட்டுக்குப் பொறுப்பாக்க முடியும். வெகு தூரத்தில் இருக்கிறோம் என்பது சாக்கு ஆகாது. அனுமதி வாங்கியிருக்கிறோம் என்பதும் சாக்கு ஆகாது.

விவசாயிக்குப் பணம் கிடைக்கவில்லை. ஆனால், புகைக்கும் சொந்தக்காரர் உண்டு என்பது கோர்ட்டு ஏட்டில் ஏறிவிட்டது.

தர்மமா? கடனா?

2022-ல் எகிப்தில் உலக மாநாடு நடந்தது. பாதிக்கப்பட்ட ஏழை நாடுகளுக்கு நஷ்டஈட்டு நிதி அமைக்க நாடுகள் ஒப்புக்கொண்டன. நல்ல காரியம். ஆனால், பணம் கொடுப்பது அவரவர் இஷ்டம் என்று வைத்துவிட்டார்கள். ஆட்டுக்காரர் இஷ்டப்பட்டால் தண்டம் கட்டலாம் என்று எந்தப் பஞ்சாயத்தாவது சொல்லுமா?

மின்சாரத்தை எல்லோரும்தானே உபயோகித்தார்கள் என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். ஒரு விளக்கு எரித்தவருக்கு ஒரு விளக்கின் பங்கு. ஆயிரம் சூளை எரித்து லாபம் கண்டவருக்கு ஆயிரம் சூளையின் பங்கு. அவரவர் பங்கை அவரவர் கட்டவேண்டும்.

இது மேல்நாட்டாருக்கு மட்டும் சொல்லும் நியாயம் அல்ல. புகை விடுவதில் சீனா, அமெரிக்காவுக்கு அடுத்தபடி இந்தியா இருக்கிறது. ஆள் ஒன்றுக்குப் பார்த்தால் உலக சராசரியைவிடக் குறைவு என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். அந்தச் சராசரியில் நாலு கார் வைத்திருப்பவரும், காவிரிக் கரையில் நாற்று நடும் அம்மாவும் ஒன்றாகவே எண்ணப்படுகிறார்கள்!

மழை பொய்த்தாலும், அறுப்பு நேரத்தில் கொட்டித் தீர்த்தாலும், நம் விவசாயி மனுவும் கையுமாகத் தாலுகா ஆபீசில் நிற்கிறார். கிடைப்பதை நிவாரணம் என்கிறோம். தர்மம் செய்தது போலப் பேசுகிறோம்.

அது தர்மம் அல்ல. புகை விட்டவர்கள் பயிர் வைத்தவர்களுக்குத் தரவேண்டிய கடன். கடனைக் கேட்பவர் தலை குனியவேண்டியது இல்லை. தலை குனியவேண்டியவர், ஆட்டை அவிழ்த்துவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பவரே!