கல்லூரிச் சாலையிலிருந்து கன்னிமாராவுக்கு



ஆகஸ்ட் 22 நெருங்குகிறது. 1639ஆம் ஆண்டின் அந்த நாளைக் கணக்கில் வைத்துச் சென்னை தன் பிறந்தநாளைக் கொண்டாடும். கோட்டை, கடற்கரை, ஜார்ஜ் டவுன் என்று ஆர்வலர்கள் கூட்டம் கூட்டமாக நடப்பார்கள். அவற்றோடு இன்னொரு நடையையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்கத்தான் இந்த மாதம் இந்தப் பக்கத்தை எடுத்துக்கொள்கிறேன். நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில், டி.பி.ஐ. வளாகத்துக்குள் இருக்கும் மதராஸ் இலக்கியச் சங்கத்தின் நூலகத்தில் புறப்பட்டு, கூவத்தைத் தாண்டி, எழும்பூர் பாந்தியன் சாலையில் கன்னிமாரா நூலகத்தில் போய் நிற்கும் நடை. தூரம் இரண்டு கிலோமீட்டருக்குள்தான். நின்று நின்று பார்த்துக்கொண்டு போனாலும் ஒரு காலைப்பொழுதுக்குள் முடிந்துவிடும்.

கன்னிமாராவில் தொடங்கி இந்தப் பக்கம் வரலாமே என்று தோன்றலாம். வேண்டாம். நான் சொல்லும் திசையிலேயே நடங்கள். அதற்குக் காரணம் இருக்கிறது.

டி.பி.ஐ. வளாகம் என்றால் நம் எல்லோருக்கும் கல்வித் துறைதான் நினைவுக்கு வரும். அண்மையில் பேராசிரியர் அன்பழகன் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். பணி நியமனம், இடமாற்றம், கோரிக்கை மனு என்று தமிழ்நாட்டு ஆசிரியர்களில் பாதிப் பேராவது ஒரு முறை இந்த வாசலை மிதித்திருப்பார்கள். அவர்களில் எத்தனை பேர், உள்ளே நிற்கும் அந்தச் சிவப்புக் கட்டடத்துக்குள் நுழைந்திருப்பார்கள்?

அதுதான் இலக்கியச் சங்கம். தொடங்கிய ஆண்டு 1812. மதராஸ் உச்ச நீதிமன்ற நீதிபதி சர் ஜான் நியூபோல்ட் முன்னின்று தொடங்கினார். முதல் செயலராகச் சொல்லப்படுபவர் பெஞ்சமின் கை பாபிங்டன். அந்த இளைஞர் இங்கிலாந்தின் ஹெய்லிபரி கல்லூரியில் பயின்று, அதே 1812இல் கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகத்துக்காக மதராஸ் வந்து இறங்கியவர். ஹெய்லிபரி, கம்பெனி தன் அதிகாரிகளைத் தயார் செய்த கல்லூரி. அந்தப் பெயரை மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள். நடையின் மறுமுனையில் அது திரும்ப வரும்.

பாபிங்டனைத் தமிழர்கள் கொஞ்சம் கூடுதலாகவே நினைவில் வைத்திருக்கலாம். வீரமாமுனிவரின் பரமார்த்த குரு கதையை ஆங்கில மொழிபெயர்ப்போடு 1822இல் லண்டனில் பதிப்பித்தவர் அவர். முனிவர் லத்தீனில் எழுதிய செந்தமிழ் இலக்கணத்தை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தவரும் அவரே. உடல்நலம் கெட்டு ஊர் திரும்பியபின் மருத்துவம் படித்தார். தொண்டைக்குள் கண்ணாடி வைத்துப் பார்க்கும் கருவி ஒன்றை 1829இல் செய்து காட்டி மருத்துவ வரலாற்றிலும் இடம்பெற்றார்.

அந்த 1812இல்தான் கம்பெனி அதிகாரி எல்லிஸின் முயற்சியால் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியும் தொடங்கியது. புதிதாக வரும் இளம் அதிகாரிகளுக்குத் தமிழும் தெலுங்கும் பிற தென்னிந்திய மொழிகளும் கற்பிப்பது அதன் வேலை. தென்னிந்திய மொழிகள் தனிக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்று எல்லிஸ் 1816இல், கால்டுவெல்லுக்கு நாற்பது ஆண்டுகள் முன்பே எழுதியது இந்தக் கல்லூரிச் சூழலில்தான். தாண்டவராய முதலியார், முத்துசாமிப் பிள்ளை போன்ற தமிழ்ப் புலவர்கள் அங்கே பணியாற்றினார்கள். துரைமார்களுக்குப் பாடம் சொன்ன அந்தப் புலவர்களின் உழைப்பு இல்லாமல் அந்த ஆய்வுகளில் ஒரு பக்கமும் எழுதப்பட்டிருக்காது என்பது என் உறுதியான எண்ணம். கல்லூரி பின்னாளில் குடியேறிய இடம்தான் இன்றைய டி.பி.ஐ. வளாகம். சாலைக்குப் பெயர் வந்ததும் அப்படித்தான்.

சங்கத்தின் இப்போதைய கட்டடம் நூறு வயதைத் தாண்டியது. உள்ளே போனதும் அண்ணாந்து பாருங்கள். கூரையை நோக்கி எழும்பி நிற்கும் இரும்பு அலமாரிகள், அவற்றில் வரிசை வரிசையாகத் தோல் அட்டை போட்ட நூல்கள். 1619இல் கிரேக்கமும் லத்தீனுமாக அச்சான அரிஸ்டாட்டில் நூல்தொகை அங்கே இருக்கிறது. நியூட்டனின் பிரின்சிப்பியா 1729ஆம் ஆண்டுப் பதிப்பாக இருக்கிறது.

இப்படிப்பட்ட நூலகங்களில் ஒரு விஷயத்தைக் கவனிக்கலாம். முந்நூறு ஆண்டு வயதான புத்தகத்தின் தாள் இன்னும் வளைந்து கொடுக்கும். நூற்றுப்பத்து ஆண்டு வயதான புத்தகத்தின் தாளோ தொட்டால் அப்பளம்போல் நொறுங்கும். பழைய தாள் கந்தல் துணியை ஊறவைத்து, கூழாக்கிச் செய்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மரக்கூழ்த் தாள் பரவியது. அதில் தங்கிய அமிலம் உள்ளிருந்தே தாளைத் தின்கிறது. சென்னையின் புழுக்கமும் பூச்சிகளும் அந்த வேலையை விரைவாக்குகின்றன. ஆக, அவசரமாகக் காப்பாற்ற வேண்டியவற்றில் நம் பாட்டன் காலத்துப் புத்தகங்களும் அடக்கம். சங்கத்தார் இதற்காக ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறார்கள்: சீரமைப்புச் செலவை ஏற்று, ஒரு புத்தகத்தை யார் வேண்டுமானாலும் தத்தெடுக்கலாம். பிறந்தநாள், திருமண நாள் என்று நாம் செலவு செய்யும் நாட்களில் இதைவிடப் பொருத்தமான செலவு எனக்குத் தெரியவில்லை.

இனி நடக்கத் தொடங்கலாம். அதே சாலையில் வானிலை ஆய்வு மைய வளாகம். புயல் நாட்களில் தொலைக்காட்சி கேமராக்கள் வந்து குவியும் இடம். 1792இல் எழுந்த மதராஸ் வானாய்வுக்கூடத்தின் கருங்கல் தூண் இன்றும் அதற்குள் நிற்கிறது. தமிழிலும் கல்வெட்டு உண்டு. பார்க்க அனுமதி வாங்க வேண்டும். சாலையிலேயே மகளிர் கிறித்துவக் கல்லூரி, அதன் டவுட்டன் மாளிகை. பிறகு பாலம். கூவம் இருக்கிற இருப்பு உங்களுக்கே தெரியும். அதைப் பற்றி இன்னொரு மாதம் விரிவாகவே எழுத வேண்டும்.

பாலத்தைத் தாண்டும்போது நீங்கள் ஓர் அருங்காட்சியகம் போன பாதையில் போகிறீர்கள். எழும்பூர் மியூசியம் பிறந்தது எழும்பூரில் அல்ல. இலக்கியச் சங்கம் சேர்த்து வைத்திருந்த கல், கனிமங்களைக் கொண்டு ஓர் அருங்காட்சியகம் வேண்டும் என்று அரசிடம் கேட்டார்கள். 1851இல் டாக்டர் எட்வர்ட் பால்ஃபர் பொறுப்பில், கல்லூரிக் கட்டடத்தின் மாடியில் அது தொடங்கியது. மேலும் மேலும் பொருட்கள் வந்து குவிய, கட்டடம் பாரம் தாங்காத நிலை வந்தது. 1854 டிசம்பரில் பாந்தியன் மாளிகைக்கு எல்லாம் இடம்பெயர்ந்தன. சென்னைவாசிகள் தலைமுறைகளாக மியூசியத்தைச் செத்த காலேஜ் என்றும், மிருகக்காட்சி சாலையை உயிர் காலேஜ் என்றும் சொல்லிவந்ததில் அந்தப் பழைய கல்லூரியின் பெயர்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வரலாறு நடந்த திசை இது. அதனால்தான் மாற்ற வேண்டாம் என்றேன்.

மியூசிய வளாகத்தில் அமராவதிச் சிற்பங்களையும் வெண்கலங்களையும் பார்க்க ஒரு முழு நாள் வேண்டும். அதை வேறொரு நாளைக்கு வைத்துக்கொண்டு நேரே கன்னிமாராவுக்குப் போங்கள்.

ஹெய்லிபரி திரும்ப வருவது இங்கேதான். கம்பெனி ஆட்சி முடிவுக்கு வந்த காலத்தில் அந்தக் கல்லூரி மூடப்பட்டபோது, அதன் நூலகத்தில் மிஞ்சிய நூற்றுக்கணக்கான புத்தகங்கள் மதராசுக்கு அனுப்பப்பட்டன. மியூசியத்தின் பொறுப்பில் இருந்த கேப்டன் ஜெஸ்ஸி மிட்செல் அவற்றைக் கொண்டு 1860 வாக்கில் ஒரு சிறு நூலகம் அமைத்தார். அந்தச் சிறு நூலகம் வளர்ந்தது. ஆளுநர் கன்னிமாரா பிரபு 1890இல் அடிக்கல் நாட்ட, ஹென்றி இர்வின் வடிவமைத்த கட்டடம் 1896 டிசம்பர் 5 அன்று திறக்கப்பட்டது. செதுக்கிய தேக்கும் வண்ணக் கண்ணாடியும் உயர்ந்த வளைவுகளுமாக அந்தப் பழைய மண்டபம் இருக்கிறதே, அதைப் பார்த்தவர்கள் குரல் தானாகத் தாழ்ந்துவிடும். அது எல்லா நேரமும் பொதுமக்களுக்குத் திறந்திருக்காது. முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போங்கள்.

கட்டடத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது அதன்பின் நடந்ததுதான். 1948இல் இங்கே பொது நூலகச் சட்டம் வந்தது. விடுதலை பெற்ற இந்தியாவில் அப்படி ஒரு சட்டம் செய்த முதல் மாகாணம் நம்முடையது. அதன் பின்னே எஸ்.ஆர். ரங்கநாதன் என்ற மாமனிதரின் விடாமுயற்சி இருந்தது. வீட்டு வரியோடு நாம் கட்டும் நூலக வரியும் அந்தச் சட்டத்தின் வழி வந்ததே. 1950 ஏப்ரல் 1 அன்று கன்னிமாரா மாநில மைய நூலகமானது. பிறகு 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி, நாட்டில் வெளியாகும் ஒவ்வொரு நூலின் பிரதியும் வந்து சேர வேண்டிய நான்கு நூலகங்களில் ஒன்றானது. இரண்டே ஆண்டுகளில் பத்திரிகைகளும் அந்தக் கணக்கில் சேர்ந்தன. நீங்கள் கையில் வைத்திருக்கும் இந்த இதழும் அங்கே இருக்கும்.

நண்பகலில் போனால் வாசிப்புக் கூடங்களில் பாருங்கள். டி.என்.பி.எஸ்.சி., சிவில் சர்வீஸ் தேர்வுகளுக்குப் படிக்கும் பிள்ளைகள் மேசை மேசையாக இருப்பார்கள். வெளியூரிலிருந்து வந்து, சின்ன அறையை நான்கு பேராகப் பகிர்ந்துகொண்டு, சாப்பாட்டுப் பொட்டலத்தோடு காலையிலேயே வந்து இடம்பிடித்தவர்கள். நம்மை ஆள வந்தவர்களுக்குப் பாடம் சொன்ன கல்லூரி இந்த நடையின் தொடக்கத்தில் இருந்தது. அவர்களைத் தயார் செய்த இன்னொரு கல்லூரியின் புத்தகங்களால் விதை போட்ட நூலகம் இந்த முனையில் இருக்கிறது. இன்று அதில் உட்கார்ந்து அதிகாரியாகத் தயாராவது செய்யாற்றிலும் கமுதியிலும் பிறந்த விவசாயி மகளும் கொத்தனார் மகனும். இந்த மாற்றத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

ஆனால் அந்தப் பிள்ளைகளுக்குத் தேவையான பாட நூல்கள் இன்னும் வேண்டும், உட்கார நாற்காலிகள் வேண்டும், மின்விசிறிகள் ஓட வேண்டும். கல்லூரிச் சாலைச் சங்கத்துக்கோ உறுப்பினர்கள் வேண்டும். அது சந்தாவையும் நன்கொடையையும் நம்பி நடக்கும் நூலகம். நானூறு ஆண்டுப் புத்தகத்தைப் பாராட்டிவிட்டுப் படமெடுத்துக்கொண்டு திரும்பும் விருந்தினர்களால் அது நிலைக்காது.

எனவே வாசகர்களே, இந்த மாதம் ஒரு காலையை ஒதுக்குங்கள். வீட்டுப் பிள்ளை ஒருவரையாவது கூட்டிக்கொண்டு போங்கள். இலக்கியச் சங்கத்தில் உறுப்பினராகுங்கள். முடிந்தவர்கள் ஒரு புத்தகத்தைத் தத்தெடுங்கள். கன்னிமாராவில் உங்கள் பெயரிலும் பிள்ளையின் பெயரிலும் அட்டை வாங்குங்கள். சென்னைக்கு வெளியே இருப்பவர்கள், உங்கள் தெருவுக்குப் பக்கத்துக் கிளை நூலகத்தில் இதைச் செய்யுங்கள். அதற்கான வரியை நீங்கள் ஏற்கெனவே கட்டிவருகிறீர்கள். நடந்து வந்தவர்கள் எங்களுக்குக் கடிதம் எழுதுங்கள். அடுத்த இதழில் அவற்றுக்கு இடம் ஒதுக்கி வைத்திருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்